பத்தொன்பதே முக்கால்

மார்ச் 14

சனிக்கிழமை பங்குச் சந்தை கிடையாது. தரகர் அலுவலகத் திரையில் வெள்ளிக்கிழமை மாலை விலைகள் அசையாமல் நிற்கும். அசையாத விலையைப் பற்றித்தான் நிதானமாகச் சண்டை போட முடியும் என்பதால் நாங்கள் மூவரும் சனிக்கிழமைதான் போவது.

நடு நாற்காலியில் மச்சான். என் மனைவிக்கு அண்ணன், எங்கள் மாடிக்குக் குடித்தனக்காரர், இருபது வருடமாக எனக்கு எதிர்க்கட்சி. அரசாங்கத்தை ஆதரிக்கிறவர் எப்படி எதிர்க்கட்சி ஆவார் என்று கேட்டால், எங்கள் வீட்டில் அப்படித்தான். இடப்பக்கம், ஒலிபெருக்கி என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த நண்பர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். பயந்த மாணவர்களிடம் 'பிரேக், பிரேக்' என்று கத்திக் கத்தி, இப்போது அவர் நலம் விசாரித்தாலே எதிரில் நிற்பவரின் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

தலைப்பு, எப்போதும் போல, நம் வங்கி. பங்கு விலை நாற்பத்திரண்டு ரூபாயில் நிற்கிறது.

"அமைச்சரே சொல்லிட்டாரு, வங்கி பலமா இருக்குன்னு," என்றார் மச்சான்.

"பலமா இருக்கிறவனைப் பத்தி யாரும் அறிக்கை விடமாட்டாங்க மச்சான்."

"உங்களுக்கு இந்த அரசாங்கம் பிடிக்கல. அதனால வங்கி பிடிக்கல."

"உங்களுக்கு வங்கியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதனால அரசாங்கம் பிடிச்சிருக்கு."

ஒலிபெருக்கி இரண்டு பேருக்கும் தலையாட்டினார். கடைசியாக யார் பேசினாரோ அவர் கட்சிதான் ஒலிபெருக்கியின் கட்சி. அதனால் கடைசியாகப் பேசுவதற்கு எங்களுக்குள் எப்போதும் போட்டி.

மச்சான் பல்செட் செய்கிறவர். பீங்கான் பல் சுடுகிற புது உலை ஒன்று வாங்க வேண்டும் என்று வருடக்கணக்கில் சேர்த்தது முழுவதும் அந்த வங்கியின் பங்குகளில் இருக்கிறது. என்னிடம் ஐம்பது பங்கு. நம்பிக்கையால் அல்ல. குறை சொல்ல ஓர் உரிமை வேண்டும் அல்லவா?

கிளம்பும்போது தரகர் கையில் எதையோ ஊற்றித் தேய்த்துக்கொண்டே, "அடுத்த வாரம் திறக்க விடுவாங்களா தெரியல," என்றார்.

மார்ச் 30

ஊரடங்கு. மச்சான் மாடிப்படியின் மேல்படியில், நான் கீழ்ப்படியில். நடுவில் அரசாங்கம் சொன்ன இடைவெளி. அரசாங்கம் சொல்லி நான் கேட்ட ஒரே விஷயம் இதுதான் என்கிறார் மச்சான்.

உலகமே வாயை மூடிக்கொண்ட பிறகு பல்லுக்கு யார் வருவார்கள்? பல் மருத்துவர்கள் கடையைச் சாத்திவிட்டார்கள். மச்சானின் மேசையில் பல்வரிசைகளின் மாவு அச்சுகள் வரிசையாக வாயைத் திறந்தபடி காத்திருக்கின்றன. எனக்கு வேலை இருக்கிறது. பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு வீடும் அலுவலகமும் ஒன்றுதான்; அச்சுப்பிழைக்கு ஊரடங்கு கிடையாது.

வங்கி முப்பது.

"சந்தையே விழுது மாப்பிள்ளை. நம்ம வங்கி மட்டுமா?"

"எல்லாரும் படியில இறங்குறாங்க. நம்ம வங்கி ஜன்னல் வழியா இறங்குது."

ஒலிபெருக்கியை ஃபோனில் சேர்த்துக்கொண்டோம். ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு இருவரும் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தோம். நோய்க்காக இல்லை.

ஏப்ரல் 18

இருபத்து நான்கு. மச்சான் இன்னும் வாங்கியிருக்கிறார். தரகரிடம் அவரே பேசிவிட்டு, வாங்கியபின் சொல்கிறார்.

"சராசரி பண்றேன். நாப்பத்திரண்டுல வாங்கினதும் இருபத்து நாலுல வாங்கினதும் சேர்ந்தா எனக்கு விலை குறையுதுல்ல?"

மூழ்குகிற படகில் இன்னொரு டிக்கெட் எடுத்தால் சராசரிக் கட்டணம் குறையும் என்றேன். கோபித்துக்கொண்டு மேலே போய்விட்டார். சாயங்காலம் இறங்கி வந்து, யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னார். நல்ல பதில். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மே 8

வங்கியில் பணம் எடுக்க வரம்பு வைத்துவிட்டார்கள். காலையில் அந்தப் பக்கம் போனேன். இடைவெளி விட்டு நிற்கச் சொன்னதால் வரிசை அடுத்த தெருவரை நீண்டிருந்தது. நோய் வரிசைக்கு ஒரு கம்பீரம் கொடுத்துவிட்டது. காவலாளி ஒவ்வொருவர் நெற்றியிலும் வெப்பமானியைக் காட்டினார். காய்ச்சல் இருந்தது உள்ளே, கட்டிடத்துக்கு.

"தற்காலிகம்," என்றார் மச்சான். "பாதுகாப்பு நடவடிக்கை. விட்டுடுவாங்களா? நம்ம அரசாங்கம் மாப்பிள்ளை."

"நம்மன்னு சொல்லாதீங்க. உங்க."

"சரி, என் அரசாங்கம். என் வங்கி. போதுமா?"

ஒலிபெருக்கி ஃபோனிலிருந்து, "அப்ப என் காரு!" என்று கத்தினார். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. மூவரும் சிரித்தோம்.

மே 21

பதின்மூன்று. மச்சான் இன்று படிக்கு வரவில்லை. பழைய அச்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

ஜூன் 16

மச்சானுக்குக் காய்ச்சல். மாடிக் கதவு சாத்தியாகிவிட்டது. பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறது. என் மனைவி சாப்பாட்டை மேல்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, ஏதோ திருடியவள் போல ஓடி வருகிறாள்.

ஃபோனில் பேசினோம். அவர் குரல் ஒருமுறை ஃபோனிலும் ஒருமுறை கூரை வழியாகவும் கேட்கிறது.

ஜூன் 18

இன்று ஒரு தப்பு செய்தேன்.

குரல் மிகவும் தளர்ந்திருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஓர் இருமல். என் மனைவி பக்கத்தில் நின்று, "இன்னிக்காவது எதிர்த்துப் பேசாம இருங்களேன்," என்று சைகை காட்டினாள். மச்சான், "வங்கி மேல வந்துடும் மாப்பிள்ளை," என்றார்.

"ஆமா மச்சான். வந்துடும்," என்றேன்.

இருமினார். பிறகு கேட்டார்: "ரிசல்ட் வந்துடுச்சா?"

"இல்லையே."

"பொய் சொல்லாதீங்க. டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல மச்சான்..."

"பின்ன எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

அதற்குமேல் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் பதறிப்போய், வங்கி நாசமாகப் போகும், உங்கள் அமைச்சர் ஒரு புளுகன், வாங்கியவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று வரிசையாகச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. "அதானே பார்த்தேன்," என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

ஜூன் 21

ஆம்புலன்ஸ். அவரே நடந்து இறங்கினார். எங்களை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள், ஜன்னலிலிருந்து பார்த்தோம். முழுக்கவச உடையில் வந்த இருவரிடமும் ஏதோ சொல்லிக்கொண்டே ஏறினார். அரசாங்க ஆம்புலன்ஸ் எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று என்னிடம் சொல்லச் சொன்னாராம். மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய நர்ஸ் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆக்ஸிஜன் அளவைச் சொன்னார்.

ஜூன் 26

மாலைச் செய்தி. வங்கியை இன்னொரு வங்கியோடு சேர்த்துவிட்டார்கள். கணக்கில் பணம் போட்டவர்களுக்குப் பாதிப்பு இல்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. பழைய பங்குகள் ரத்து. விலை என்று சொல்ல இனி ஒரு எண்ணே கிடையாது.

கையெழுத்துப் போட்டது அவருடைய அரசாங்கம்.

நான் ஜெயித்துவிட்டேன். இருபது வருடத்தில் இவ்வளவு முழுமையாக, இவ்வளவு பகிரங்கமாக நான் எதிலும் ஜெயித்ததில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இருவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணனுக்குத் தெரியக் கூடாது," என்றாள் என் மனைவி.

"எப்படித் தெரியாம இருக்கும்?"

"அவர்கிட்ட இருக்கிறது பட்டன் ஃபோன். வார்டுல டிவி இல்ல. விலை கேட்டா உங்களைத்தானே கேப்பாரு? தரகர்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன்."

டாக்டரும் அதையேதான் சொல்லியிருக்கிறார், வேறு வார்த்தையில். அதிர்ச்சி வேண்டாம், ஆனால் பேசட்டும், பேசினால் தெம்பாக இருக்கிறார்.

ஜூன் 27

காலையில் ஃபோன். ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் பேச விடுகிறார்கள்.

"என்ன விலை?"

"பன்னிரண்டு," என்றேன். நாக்கு கூசவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

"இன்னிக்கு என்ன கிழமை மாப்பிள்ளை?"

சனிக்கிழமை. முதல் நாளே மாட்டிக்கொண்டேன். "நேத்து சாயங்கால விலை மச்சான்," என்று சமாளித்தேன். கடைசியாகக் கேட்டதைவிட ஐம்பது காசு கூடியிருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். இந்த ஏற்றம் நிற்காது என்று நான் வாதாடினேன். நிற்கும் என்றார் அவர்.

ஜூலை 3

ஒரு சந்தையை நடத்துவது சுலபமில்லை. தினமும் ஏறினால் நம்பமாட்டார். இரண்டு நாள் ஏற்றிவிட்டு ஒரு நாள் இறக்குகிறேன். இறங்குகிற நாளில் காரணம் கேட்கிறார். காரணம் ஒன்று தயார் செய்கிறேன். நிஜச் சந்தையில் இவ்வளவு ஒழுங்கான காரணங்கள் இருந்ததே இல்லை.

இதற்கு நடுவில் நான் விடாமல் எதிர்க்கவும் வேண்டும். நானே விலையை ஏற்றிவிட்டு, நானே அது விழும் என்று சத்தியம் செய்து, மறுநாள் நானே தோற்று, திட்டு வாங்குகிறேன். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா," என்கிறார். பார்த்தேன் மச்சான்.

இன்று பதினைந்து. ஆக்ஸிஜனும் கூடியிருக்கிறது என்றார் நர்ஸ். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியுமா?

ஜூலை 7

ஒலிபெருக்கி போய்விட்டார்.

காய்ச்சல் என்றே எங்களிடம் சொல்லவில்லை. அவர் மகள் ஃபோனில் பேசினாள். மெதுவாகப் பேசுகிற பெண். கடைசி இரண்டு நாளும் அப்பாவுக்குக் குரலே வரவில்லை என்றாள். என்னால் அதைக் கற்பனை செய்ய முடியவில்லை. யாரும் வர வேண்டாம், விடவும் மாட்டார்கள் என்றாள்.

மதியம் வரை எதிரில் கிடந்த மெய்ப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பாடம். ஒரு பிழையும் கண்ணில் படவில்லை.

ஜூலை 8

"ஒலிபெருக்கி எங்க? ஃபோனே காணோமே?"

நான் என்ன சொல்வது? என்ன சொல்லியிருக்க வேண்டும்?

"நேத்து பேசினாரு மச்சான். உங்களை எழுப்ப வேணாம்னு சொன்னாரு."

"அவனா? எழுப்ப வேணாம்னா?" சிரித்தார். "என்ன சொல்றான் வங்கியைப் பத்தி?"

"முதல்ல உங்க கட்சின்னாரு. நான் பேசினதும் என் கட்சி ஆயிட்டாரு."

"அதான் அவன்."

அதான் அவர். ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். என் மனைவி கதவைத் தட்டவில்லை. நல்லவள்.

ஜூலை 13

ஒலிபெருக்கி இப்போது தினமும் ஏதாவது சொல்கிறார். எனக்கு நன்றாக வருகிறது. அவர் எந்த இடத்தில் வாயைத் திறப்பார், எந்த வார்த்தையைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு தொங்குவார் என்று இவ்வளவு நாள் பக்கத்தில் உட்கார்ந்தபோது தெரியவில்லை, இப்போது தெரிகிறது.

இன்று அவர் சொன்னது: "வங்கி மேட்டுல ஏறும்போது கிளட்சை விடக் கூடாது, விட்டா பின்னாடி வர்ற அரசாங்கத்து மேல மோதிடும்."

மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் ஏதோ இயந்திரம் கத்தத் தொடங்கிவிட்டது. நர்ஸ் ஃபோனைப் பிடுங்கி என்னைத் திட்டினார். "சார், அவரைச் சிரிக்க வைக்காதீங்க. சண்டை போடுங்க, அது பரவாயில்ல."

ஜூலை 15

பதினெட்டரை. ஒரு சிக்கல்.

"இருபது வந்தா வித்துடுங்க," என்றார்.

"என்ன மச்சான் திடீர்னு? நூறு போகும்னீங்க?"

"போகும். ஆனா உலை வாங்கணும். இங்க படுத்துக்கிட்டு யோசிச்சேன். எனக்கு உலைதான் வேணும், ஜெயிக்கிறது வேணாம். தரகர்கிட்ட சொல்லி வையுங்க. இருபது. அப்படியே வித்துடுங்க."

சரி என்றேன். விற்றுவிட்டேன் என்று நான் சொன்னால் அவர் உலைக்காரனுக்கு ஃபோன் செய்து ஆர்டர் கொடுத்துவிடுவார். பட்டன் ஃபோனில் அது முடியும்.

ஜூலை 17

பத்தொன்பதேகால்.

ஜூலை 20

பத்தொன்பதே முக்கால்.

ஜூலை 22

பத்தொன்பதே முக்கால். இருபதைத் தொட விடாமல் ஒரு சந்தையைத் தனி ஆளாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இவ்வளவு பொறுப்பாக எந்த நிதியமைச்சரும் நின்றிருக்கமாட்டார்.

"கால் ரூபாதானே, வந்துடும்," என்கிறார் மச்சான் தினமும். "இன்னிக்கு வந்துடும் பாருங்க." கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் டாக்டர்.

ஜூலை 24

கூட்டி வந்தோம். பாதி ஆள்தான் வந்திருக்கிறார். சட்டை மட்டும் முழுசாக இருக்கிறது. டாக்ஸியின் ஜன்னல்களை இறக்கி வைத்திருந்தோம். வேறு வழியாகப் போகச் சொல்லி ஓட்டுநரிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். அந்த மாற்று வழியை அடைத்திருந்தார்கள்.

வங்கி வாசலில் ஏணி. இரண்டு பேர் பழைய பெயர்ப்பலகையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். புதுப்பலகை நடைபாதையில் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வேறு பெயர்.

மச்சான் பார்த்தார். தலையைத் திருப்பி, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார்.

மாடி ஏற முடியாது என்பதால் முன்னறையில் கட்டில் போட்டிருந்தோம். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தபிறகு கேட்டார்: "எப்போ?"

"நீங்க போன அதே வாரம்," என்றேன்.

"ஓ." தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒலிபெருக்கிக்காவது ஃபோன் போடுங்க. அவன்கிட்டப் பேசறேன்."

என் மனைவி அழுதுவிட்டாள்.

ஜூலை 25

ஒலிபெருக்கி போனதைச் சொல்லிவிட்டோம். தேதி கேட்டார். சொன்னேன். மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

"அப்ப அந்த கிளட்ச் ஜோக்கு?"

"நான்தான் சொன்னேன் மச்சான்."

"அவன் செத்தப்புறம் நான் சிரிச்சிருக்கேன்," என்றார்.

ஜூலை 29

திட்டுவார் என்று காத்திருந்தேன். அதற்கு முன்னேற்பாடாகப் பதில்கள்கூட யோசித்து வைத்திருந்தேன், என்ன வெட்கம். திட்டவில்லை. இன்று மத்தியானம், கண்ணை மூடிப் படுத்திருந்தவர், அப்படியே சொன்னார்:

"பத்தொன்பதே முக்கால்லயே நிறுத்திட்டீங்களே மாப்பிள்ளை."

"உலைக்கு ஆர்டர் குடுத்துடுவீங்கன்னு பயந்தேன் மச்சான்."

"பொய்தானே. ஒரு நாள் இருபதுன்னு சொல்லியிருக்கலாமே." கண்ணைத் திறக்கவில்லை. "ஆர்டர் குடுத்தா அப்புறமா கேன்சல் பண்ணிக்கலாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் நிம்மதியாப் படுத்திருப்பேன்ல?"

எனக்கு இது தோன்றவே இல்லை. இவ்வளவு பொய் சொன்னவனுக்கு அந்தக் கால் ரூபாய் தோன்றவில்லை. வங்கி இருபதுக்கு வரும் என்பதை நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மையா? இல்லாத வங்கியிலும்?

ஆகஸ்ட் 6

மாவு அச்சுகளைக் கீழே கொண்டுவந்து வைத்தேன், பொழுது போகட்டும் என்று. நன்றி என்றார். மச்சான் எனக்கு நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை.

விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கருவியைப் பார்த்து, "தொண்ணூத்தஞ்சு," என்று படித்தேன். விரலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். தொண்ணூற்றைந்துதான்.

ஆகஸ்ட் 8

சனிக்கிழமை. தரகர் அலுவலகத்தைத் திறந்துவிட்டார்கள் என்று சொன்னேன். அப்படியா என்றார். அவருடைய அமைச்சரைப் பற்றி, இருபது வருடமாகச் சேர்த்து வைத்த மோசமான வசைகளில் ஒன்றைச் சொன்னேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

புது வங்கியின் பங்கைப் பத்து வாங்கலாமென்று இருக்கிறேன் என்றேன். எங்கள் இருவருக்குமே தெரிந்த மகா முட்டாள்தனம். வாங்குங்க என்றார்.

ஆகஸ்ட் 19

என் மனைவியிடம் தினமும் கேட்கிறாராம்: டாக்டர் ஃபோனில் என்ன சொன்னார், மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, இன்று என்ன தேதி. நான் ஏற்கெனவே சொன்னவற்றைத்தான் கேட்கிறார்.

"கொஞ்ச நாள் ஆகும்," என்கிறாள் அவள். "சரியாயிடுவாரு."

ஆகஸ்ட் 27

மதியத்துக்குமேல் மச்சான் கட்டிலில் உட்கார்ந்து, பல் அச்சு ஒன்றை ராவிக்கொண்டிருந்தார். ஒரு பல் மருத்துவர் மீண்டும் திறந்திருக்கிறார், ஒரே ஒரு ஆர்டர். நான் வெளியே போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றினேன்.

"மழை பெய்யுது மச்சான்," என்றேன்.

தலையாட்டினார். அரத்தைக் கீழே வைத்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னல்வரை நடந்தார். கொக்கியை எடுத்து, திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்த்தார். பிறகு சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.